இரண்டு தீக்குச்சி இடைவெளி

எங்கள் பட்டறைக்குள் வருவது ஒரே ரகக் கார்தான். ஜப்பானில் பிறந்த சின்னக் கார். குறுகலான தெருவும் கையகல வீடும் உள்ளவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டது, எப்படியோ கப்பலேறி உலகம் முழுக்கப் போய்விட்டது. பனி கொட்டுகிற ஊரிலும் ஓடியது, மணல் பறக்கிற ஊரிலும் ஓடியது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் வைத்து விற்றார்கள். எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் குட்டி.

குட்டிக்கு மூன்று பிறவி. முதலில் வந்தது பெட்டி. நாலு பக்கமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். அடுத்து வந்தது முட்டை. மூலை என்று ஒன்று கிடையாது, மாவை உருட்டிக் கீழே வைத்ததுபோல் இருக்கும். மூன்றாவது தவளை. விளக்கு இரண்டும் முழித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பெயர்களெல்லாம் சித்தப்பா வைத்தவை. முட்டையின் காலத்தில்தான் குட்டிக்குக் கிராக்கி ஏறியது. ஜப்பானில் செய்தது போதாமல், வேறு மூன்று நாடுகளிலும் தொழிற்சாலை போட்டு அங்கேயே செய்தார்கள்.

"எங்க பொறந்தா என்ன? ஒரே அச்சுல வார்த்ததுதானே" என்பார் அப்பா. அவர் அப்படிச் சொல்லாத நாளில்லை.

அப்பாவுடைய வேலை சேர்ப்பது. முன்பக்கம் நொறுங்கிய குட்டி ஒன்று, பின்பக்கம் நொறுங்கிய குட்டி ஒன்று. இரண்டிலும் நல்ல பாதியை எடுத்து ஒரே வண்டியாக்கிவிடுவார். பாதி வண்டிகளைத் துறைமுகத்துக் கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றிவருவது சித்தப்பா. வந்ததைப் பிரிப்பது நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு இதுதான் என் வேலை. சீட்டைக் கழற்றுவேன், கார்ப்பெட்டை உரிப்பேன், ஒயரை முடிச்சு முடிச்சாகச் சுருட்டி வைப்பேன். சீட்டுக்கு அடியில் யாருடையதோ ஒற்றைக் கம்மல் கிடக்கும். குழந்தையின் காலுறை கிடக்கும். படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதாவது ஒரு ரசீது கிடக்கும். ஒவ்வொரு பெல்ட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயப்போடுவதும் நான்தான்.

"உங்கப்பா ரெண்டு முட்டையை உடைச்சு ஒரு ஆம்லெட் போடுறவரு" என்பார் சித்தப்பா. "நீ என்னடான்னா ஓட்டைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துற. ஒரு வார்த்தை பேசுறியா? ஊமைக்கோட்டான்!"

அப்பா வெட்டுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். முன்கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண், முன் சீட்டுக்கு முன்னால் தரை, கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் தகரப் பெட்டி. கால் வைத்து ஏறும் இடம் என்பதால் அதைப் படி என்போம். குட்டியின் பலம் முழுவதும் படியில்தான். வெட்டிய வாயில் எட்டிப் பார்த்தால் மூன்று தகடு தெரியும்: வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் கனமான ஒன்று. அப்பா ஒரு முழம் நீளத்துக்கு இரும்பில் உறை செய்து, பாதி முன்னாலும் பாதி பின்னாலும் இருக்கும்படி படிக்குள் செருகி, அந்த நடுத்தகட்டோடு சேர்த்து வெல்டு வைப்பார். அதன் மேல்தான் வெளித்தகட்டை மூடுவார். அவருடைய சேர்ப்பு நிற்பது அந்த உறையினால்தான். மற்ற பட்டறைகளில் வெளியே மட்டும் ஒட்டிப் பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். அப்பா அதற்கு 'பவுடர் பூசுறது' என்று பெயர் வைத்திருந்தார்.

சேர்த்து முடித்த வண்டியை அப்படியே விட்டுவிட மாட்டார். பின்பக்கம் ஒரு மூலையில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை தூக்குவார். முன்கதவின் ஒரு பக்கம் முன்பாதியில் இருக்கிறது, அது வந்து பூட்டுகிற பக்கம் பின்பாதியில் இருக்கிறது. சேர்ப்பில் தளர்ச்சி இருந்தால் கதவின் இடுக்கு காட்டிக்கொடுத்துவிடும். மேலே இரண்டு தீக்குச்சி, கீழே இரண்டு தீக்குச்சி சேர்த்துச் செருகுவார். தூக்கும்போது மேலே நெரியவும் கூடாது, கீழே நழுவி விழவும் கூடாது. அதன் பிறகுதான் வண்டி பெயிண்டுக்குப் போகும்.

அக்காவின் வண்டியும் இந்தச் சோதனையில் தேறியதுதான்.

அக்கா வேறு ஊரில், ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். அவள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர். லாரிகள் ஓயாத பெரிய சாலை. குழந்தை பிறந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறினாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடமும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான். ஒருமுறை வந்தபோது தோளில் பை தொங்கிய இடம் கன்றிப்போயிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அடுத்த மாதமே ஒரு வெள்ளை முட்டையை அவளுக்கென்று எடுத்து வைத்துவிட்டார். முன்பாதி ஜப்பானில் செய்தது. பின்பாதி வேறொரு லாரியில் வந்தது. விற்கிற வண்டிக்கு எடுக்கும் நாளைவிட இரண்டு மடங்கு நாள் எடுத்துக்கொண்டார்.

வண்டியை எடுத்துப்போக அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மாமா, இதுல எது முன்னாடி செத்தது, எது பின்னாடி செத்தது?"

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் கை கதவின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தது.

அக்கா பின்சீட்டில் ஏறிக் குழந்தைக்கான இருக்கையைக் கட்டினாள். பெல்ட்டை இழுத்தபோது அதன் ஓரத்தில் தைத்திருந்த துணிச்சீட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருடி. முன்னாடி பெல்ட்டுல ஒரு எழுத்து, பின்னாடி பெல்ட்டுல வேற எழுத்து. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குமா?"

நானும் சிரித்தேன். ஒன்றரை வருடத்துக்கு அது அவ்வளவோடு போயிற்று.

போன மாதம் சித்தப்பா நான்கு பின்பாதிகளைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் முட்டை. ஒன்றில் தரை துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. சேர்ப்புக்கு உதவாது. "இதுல படியோட வெளித்தகட்டை மட்டும் நீளமா உரிச்சு வை சின்னவளே, ஒட்டுப்போட ஆகும்" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா இன்னும் டீ கொண்டுவரவில்லை. நான் கட்டிங் மெஷினை எடுத்துப் படியை நீளவாக்கில் கீறி, தகட்டைக் குறட்டால் பிடித்து உரித்தேன்.

உள்ளே நடுத்தகடு ஒரு சாண் தூரத்தில் முடிந்துபோயிருந்தது.

துரு தின்றிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தடவினேன். ஓரம் மழமழவென்று இருந்தது. தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டி, நான்கே நான்கு புள்ளிகளில் வெல்டு வைத்து நிறுத்திய துண்டு அது. ஜாக்கி வைக்கும் இடம் நசுங்காமல் இருக்க மட்டும் வைத்தது போலிருக்கிறது. அதற்கு அப்பால் படி வெறும் இரண்டு தகட்டோடு காலியாகப் போனது. ஆனால் வெட்டிய வாயில் நின்று பார்த்தால் மூன்று தகடும் ஒழுங்காகத் தெரியும். பார்க்கிற யாரும் அது கடைசிவரை போகிறது என்றுதான் நினைப்பார்கள்.

மற்ற மூன்று பாதிகளின் படிக்குள்ளும் ஒரு நீளக் கம்பியை நுனி வளைத்து விட்டுப் பார்த்தேன். கம்பி உரசிக்கொண்டே கடைசிவரை போனது. அந்த மூன்றும் ஜப்பானில் செய்தவை. நான்காவதன் பின்பெல்ட்டை இழுத்துத் துணிச்சீட்டைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக, வேறு எழுத்து. அக்கா காட்டிய அதே எழுத்து.

கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் நின்றேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கம்பியை அவர் கையில் கொடுத்தேன்.

"என்ன?"

"வந்து பாருங்கப்பா."

வந்தார். குனிந்து பார்த்தார். "துரு" என்றார்.

"துரு இல்லப்பா. ஓரத்தைத் தொட்டுப் பாருங்க. மெஷின்ல வெட்டினது."

கட்டைவிரலால் ஓரத்தை இப்படியும் அப்படியும் தடவினார். கம்பியைப் பக்கத்துப் பாதியில் விட்டார், மறுபடி இதில் விட்டார். சாண் தூரம் உரசிய கம்பி அதற்குமேல் லொடக்கென்று காலியில் விழுந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கம்பியை வெளியே உருவினார்.

"நான் வைக்கிற உறை இந்தத் துண்டைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும்" என்றார். "இந்தத் துண்டு நாலு புள்ளியில நிக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "பெரியவளோட வண்டி?"

"பின்பெல்ட்டுல இதே எழுத்துதான்பா."

"நல்லாத் தெரியுமா?"

"நான்தான் கழுவினேன்."

"வேற எத்தனை அனுப்பியிருக்கோம்?"

இதை நான் முன்பே மனதுக்குள் எண்ணிவிட்டேன். "இதுக்கு முன்னாடி இந்த எழுத்து, அக்கா வண்டியோட பாதி வந்த லாரியிலதான் வந்துச்சு. மொத்தம் ரெண்டு. இன்னொண்ணைக் கதவும் கண்ணாடியுமாப் பிரிச்சுக் குடுத்தாச்சு. வேற இல்ல."

சித்தப்பா டீ டம்ளரோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏண்ணே, ஒன்றரை வருஷமா ஓடுது, ஒரு கீச்சுச் சத்தம் உண்டா? அடுத்த தடவை அவ வரும்போது உள்ள ஒரு தகட்டை வச்சு ஒட்டிவிடுங்க, முடிஞ்சுபோச்சு. இப்பப் போய் அந்த ஆள்கிட்ட சொன்னா, உங்களைக் காலத்துக்கும் குத்திக் காட்டுவான். ஏற்கெனவே செத்தது எதுன்னு கேட்டவன்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவ கிளம்பிடுவா" என்றார் அப்பா. "புள்ளையைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு."

சித்தப்பா கீழே வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்பா அத்தானிடம் போனில் பேசி நான் பார்த்ததே இல்லை. அக்கா எடுத்தால் பேசுவார். அத்தான் எடுத்தால், "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை, இருங்க, குடுக்கிறேன்" என்று அம்மா பக்கம் நீட்டிவிடுவார். அன்றைக்கு எடுத்தது அத்தான்தான்.

"மாப்பிள்ளை, வண்டியை இன்னிக்கு வெளியில எடுக்காதீங்க."

"ஏன் மாமா? இப்பத்தான் கடைக்குக் கிளம்பிட்டிருக்கோம்."

"எடுக்காதீங்க. நான் வந்துக்கிட்டிருக்கேன்."

"விஷயத்தைச் சொல்லுங்க மாமா, பயமுறுத்தாம."

அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நான் சேர்த்தது சரியில்ல" என்றார்.

போனில், பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்குவது மட்டும் கேட்டது.

நானும் அப்பாவும் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போனோம். கனமான சாக்கு ஒன்றை அப்பா இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். உள்ளே ஜாக்கி இருக்கிறது என்று தெரியும். வழியில் எதிரே ஒரு வெள்ளை முட்டை வந்தால் அப்பா திரும்பி, அது கண்ணை விட்டு மறைகிறவரை பார்த்தார். உலகத்தில் அந்த ரகம் எத்தனை லட்சம் ஓடுகிறதோ. நேற்றுவரை அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அக்கா வாசலிலேயே நின்றாள். வண்டி வீட்டை ஒட்டிய சந்தில் துணி போர்த்தி நின்றது. துவைத்த துணி, அதற்குக்கூட ஒரு நாள் கணக்கு வைத்திருப்பாள் அவள். அத்தான் படியிறங்கி வந்தார்.

"சாப்பிட்டுட்டுப் பார்க்கலாமே மாமா."

"பார்த்துட்டுச் சாப்பிடலாம் மாப்பிள்ளை."

சாக்கை அவிழ்த்து ஜாக்கியை எடுத்தார். துணியை அக்கா உருவினாள். அப்பா சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி எடுத்து, இடது முன்கதவின் மேல் இடுக்கில் இரண்டு குச்சி, கீழ் இடுக்கில் இரண்டு குச்சி வைத்தார். குழந்தை அத்தானின் காலைக் கட்டிக்கொண்டு, "தாத்தா குச்சி வைக்கிறாங்க" என்றது.

"நீங்களே தூக்குங்க மாப்பிள்ளை" என்று ஜாக்கியின் கைப்பிடியை அத்தானிடம் கொடுத்தார் அப்பா. "நான் தூக்கினா நான் ஏதோ செஞ்ச மாதிரி இருக்கும்."

அத்தான் சுற்றினார். பின்சக்கரம் மெல்ல எழும்பியது. கீழே இருந்த குச்சிகள் இரண்டும் நழுவித் தரையில் விழுந்தன. அப்பா குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். கூட இன்னும் இரண்டு சேர்த்தார். இடுக்குக்குள் நான்கும் போயிற்று. அத்தான் இன்னும் அரைச்சுற்றுச் சுற்றினார். மேலே டிக் என்று ஒரு சத்தம். குச்சிகள் நெரிந்து ஒடிந்தன.

"போதும்" என்றார் அப்பா.

எல்லோரும் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னிக்கு நின்னுச்சே" என்றாள் அக்கா. "ஒரு குச்சிகூட அசையலன்னு சொன்னீங்களே."

"புது வெல்டுக்கு வாலிபம்மா. ரோட்டுல குலுங்கக் குலுங்கத் தெரிஞ்சுபோகும்." பிறகு அத்தானைப் பார்த்துத் திரும்பினார். "நான் உள்ள பார்க்கல மாப்பிள்ளை. வாயில மூணு தகடு தெரிஞ்சுச்சு, எல்லாம் ஒரே அச்சுன்னு நினைச்சுட்டேன். வேற யாராவது செஞ்சிருந்தா, உள்ள கம்பி விட்டுப் பார்த்தியான்னு நானே அவனைக் கேட்டிருப்பேன்."

அத்தான் குத்திக் காட்டுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அப்படிச் செய்யவில்லை. அப்பாவின் தோளில் கைவைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"விடுங்க மாமா. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. இதைக் குடுத்துட்டு வேற பார்த்துக்கலாம். தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்கார். வெளியில பார்த்தா பளபளன்னுதானே இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது?"

"யார் வாங்குவாங்க?"

"யாரோ ஒருத்தர்."

"அந்த யாரோவுக்கும் பின்சீட்டுன்னு ஒண்ணு இருக்குமே மாப்பிள்ளை."

அத்தான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நான் தப்பா ஒண்ணும் சொல்லல மாமா. நாளைக்கு இவ எப்படிப் போவா? நீங்க பஸ்ஸேறிப் போயிடுவீங்க. இங்க கஷ்டப்படுறது நாங்கதானே."

அதுவும் நியாயம்தான். அப்பா தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து சாக்குக்குள் கைவிட்டார். கட்டிங் மெஷின் வெளியே வந்தது. அவர் அதையும் எடுத்து வந்தது எனக்குத் தெரியாது.

"ப்ளக் பாயிண்ட் எங்கம்மா இருக்கு?"

"மாமா! வாசல்ல வச்சா? அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

அப்பா அக்காவைத்தான் பார்த்தார். அக்கா வண்டியைப் பார்த்தாள். அவளுடைய ஒன்றரை வருடக் காலைகள் அதில் இருந்தன. டேஷ்போர்டில் குழந்தை ஒட்டிய பூ ஸ்டிக்கர் இருந்தது. பின்சீட்டில் பிஸ்கட் தூள் இருந்தது. உள்ளே போனாள். நீளமான ஒயர்ப்பெட்டி ஒன்றோடு திரும்பி வந்து, சொருகி, முனையை அப்பாவிடம் நீட்டினாள்.

நான் பேட்டரியைக் கழற்றினேன். கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு ஈரச் சாக்கை விரித்தேன். அப்பா தன் பழைய வெல்டின் மேலேயே மெஷினின் வெட்டுச் சக்கரத்தை வைத்தார். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தமாக இழைத்திருந்தார். பொறி பறந்தது. இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது.

வெளித்தகட்டை ஜன்னல்போல் நான்கு பக்கமும் வெட்டி உரித்தார். உள்ளே அவருடைய உறை தெரிந்தது. அதைப் பிடித்து நின்ற சின்னத் தகடும் தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டுச் சுண்டுவிரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார்.

"இங்க வாங்க மாப்பிள்ளை."

அத்தான் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து மண்டியிட்டார்.

"நாலு புள்ளி. இது விட்டுப்போச்சு. இது விட்டுப்போச்சு. இதுவும்." கடைசிப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டார். "நிக்கிறது இது ஒண்ணுதான்."

அத்தான் குனிந்தபடியே இருந்தார். அவர் பார்வை அந்தப் புள்ளியிலிருந்து மேலே, கதவு வழியாகப் பின்சீட்டுக்கும் அங்கே கட்டியிருந்த சின்ன இருக்கைக்கும் போயிற்று. எழுந்து சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்.

"அந்தப் பக்கத்தையும் வெட்டிடுங்க மாமா."

இடது படியை முழுதாக வெட்டி முடித்து, வலது பக்கப் படியையும் வெட்டியதும், குட்டி நடுவில் லேசாகத் தொய்ந்தது. முன்கதவு இரண்டும் இனிமேல் மூடாது. அக்கா பின்சீட்டில் கைவிட்டுக் குழந்தையின் இருக்கையை அவிழ்த்தாள். பெல்ட்டைச் சுருட்டி உள்ளே விடும்போது துணிச்சீட்டு அவள் விரலில் பட்டது. என்னைப் பார்த்தாள்.

"பேசிக்கவே இல்லடி ரெண்டும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

சாப்பிட்டோம். யாரும் இரண்டாம் முறை கேட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. பாதிகளை எடுத்துப்போகச் சித்தப்பா லாரியோடு வருவார் என்று அப்பா சொன்னார். சரி என்றார் அத்தான். கிளம்பும்போது அந்தச் சாக்கை பஸ் நிறுத்தம்வரை அவர்தான் தூக்கி வந்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன் அடித்தது. அம்மா எடுப்பதற்கு முன் அப்பா எடுத்துவிட்டார். பஸ்ஸின் இரைச்சலோடு அக்காவின் குரல் வெளியே எனக்கும் கேட்டது.

"ஏறிட்டோம்பா. முதல் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தோம், இதுல இடம் கிடைச்சுது. பாப்பா ஜன்னல் பக்கம்."

"தோள் வலிக்குதாம்மா?"

"வலிக்கத்தான் செய்யுது."

"சரிம்மா" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒரு போன் பண்ணு."

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் வந்தார். சேர்ப்பதற்கு ஒரு பின்பாதி தயாராக நின்றது. ஜப்பானில் செய்ததுதான், நான் முன்பே பார்த்தாயிற்று. அப்பா மூலையில் சாய்த்து வைத்திருந்த கம்பியை எடுத்தார். படிக்குள் விட்டு, காதைத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கடைசிவரை உரசுகிறதா என்று கேட்டார். பிறகு மறுபக்கத்துக்குப் போய் அங்கேயும் கேட்டார்.